தரையில் ஈரமில்லை

நரின் நகரம், காலை ஏழு, மைனஸ் பதினான்கு.
கம்பளியை விலக்கிச் சாவியைத் திருப்பினேன்.
சுபாரு விக்கியது.
நாலு பேரில் ஒருவன் வேலைக்கு வரவில்லை.
ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்,
பிறகு எதுவுமே நடக்காததுபோல் நாலும் ஒரே சீராய்.

விக்கல் என்றால் தண்ணீர் கொடுப்போம்.
தண்ணீர் குடித்ததால் வந்த விக்கல் இது என்று
அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இரவில் வண்டி தொக்தோசுனுடையது, பகலில் என்னுடையது.
கடன் பாதி, டயர் பாதி,
தோலோன் கணவாய் தாண்டிக் கொச்கோர் போகிறவர்களில் பாதி.
சாவி கைமாறும்போது பெட்ரோலைப் பற்றிப் பேசுவோம்.
மூன்று வருடமாக அவ்வளவுதான்.

ஜிபார் பானெட்டைத் தூக்கினாள். காதில் பென்சில்.
"எவ்வளவு ஊற்றுகிறாய்?"
"வாரத்துக்கு ஒரு லிட்டர்."
தொக்தோசுன் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நான்காம் சிலிண்டர் என்றது கருவி.
யார் அழுகிறார் என்று கருவி சொல்லும்,
யார் அடித்தது என்று சொல்லாது.
நான்காவதின் காயிலை இரண்டாவதில் மாட்டினாள்.
அழுகை இடம் மாறவில்லை.
பேட்டரியை இறக்கி,
விரல் நுழையாத சந்தில் மணிக்கட்டைக் கீறிக்கொண்டு
ப்ளக்கை மாற்றினாள்.
நான்காவதேதான்.

எனக்கு டர்போமேல் சந்தேகம்.
அதிகம் சத்தம் போடுகிறவன்மேல்தானே ஊருக்கே சந்தேகம்?
டார்ச்சோடு அவள் அடியில் படுத்தாள்.
டர்போவுக்குப் போகும் குளிர்நீர்க் குழாயில்
வெள்ளைப் பொருக்கு இல்லை, கசிவு இல்லை.
"இவன்மேல் வழக்கில்லை" என்றாள்.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

சாயங்காலம் ரேடியேட்டருக்குள் காற்றை அழுத்தி
முள்ளை ஒன்றில் நிறுத்தினாள்.
கீழே ஒரு அட்டையை விரித்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.
காலையில் முள் பாதிக்கு வந்திருந்தது.
அட்டை அப்பளம்போல் காய்ந்து கிடந்தது.

போனது வெளியே போகவில்லை.

கம்பி நுனியில் பட்டாணி அளவு கேமரா.
முதல் மூன்று துளையிலும் கரி,
தினமும் அடுப்பெரியும் வீட்டுச் சுவரைப்போல.
நான்காவதில் பிஸ்டன் தலை
கழுவிக் கவிழ்த்த தட்டு!
"எவ்வளவு சுத்தம்" என்று நாங்கள் இருவரும் சிரித்தோம்.
ஜிபார் சிரிக்கவில்லை.
"எரிகிற இடத்தில் கரி இருக்க வேண்டும்.
இங்கே தினமும் தண்ணீர் வந்து ஆவியாகிக் கழுவுகிறது.
கை சுத்தமாக இருக்கிறவன்தான் நம் ஆள்."

அப்புறம் கூலன்ட்டில் ஒரு துளியைக் கண்ணாடியில் இட்டு
ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள்.
"மைனஸ் ஒன்பதில் உறையும். பாதிக்கு மேல் வெறும் தண்ணீர்.
வாரம் ஒரு லிட்டரில் இவ்வளவு நீர்த்துப் போகாது.
மறுபடி கேட்கிறேன். எவ்வளவு?"

"நானும் ஒரு லிட்டர்" என்றான் தொக்தோசுன்.
"குழாயடியில் பிடித்தது. உன்னிடம் சொன்னால்
வண்டியை விற்கலாம் என்பாய்."

நான் சொல்லாததும் அதற்காகத்தான்.
விடிகாலையில் அவன், அந்தியில் நான்,
ஒரே மூடியைத் திறந்து ஒரே பொய்யை ஊற்றி
அளவுக்கோடுவரை நிரப்பி வைத்தோம்.
ஒன்றும் ஒன்றும் இரண்டென்று
வண்டிக்கு மட்டும்தான் தெரியும்.

"உறைந்து வெடிக்காமல் காப்பாற்றியது
எஞ்சின்மேல் போர்த்திய கம்பளி.
நீங்கள் இரண்டு பேரும் இல்லை."

ஹெட்டைக் கழற்ற இரண்டு நாள்.
கேஸ்கெட்டில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு.
பார்க்க ஒன்றுமே இல்லை.
பில் பாதிப் பாதி. அதில் தகராறு வந்தது, அது வேறு கதை.

இப்போது வண்டிக்குள் ஒரு நோட்டு இருக்கிறது,
ஜிபாரின் கடித்த பென்சிலோடு.
இன்று காலை அதில்:
"தோலோன் ஏறி இறங்கினேன். நீர்மட்டம் அப்படியே.
இடது வைப்பர் கீச்சிடுகிறது. நாலாவது கியரில்
ஏதோ ஒரு முனகல், எனக்கு மட்டும்தானா?"

தொக்தோசுனின் கையெழுத்து இவ்வளவு சின்னதாய் இருக்கும் என்று
நான் நினைத்ததில்லை.